பத்து வருஷமாக வலிக்கிறது என்று சொன்ன என் அண்ணன்

1

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவில் என்ன வேலை என்று யார் கேட்டாலும் "ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலை" என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தேன். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் பிச்சாட்டூரில் பாதிப் பேர் என்னை நர்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன தடவை லீவில் வந்தபோது பக்கத்து வீட்டம்மா கையை நீட்டி, "கொதிப்பு கீதா பாரு அமுலு" என்றார். நானும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததோடு விடாமல் "நல்லாத்தான் கீது" என்று வேறு சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியில். நோயாளிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் டாக்டர் முதலில் எங்களிடம் அனுமதி கேட்டு எழுதுவார். கூடவே நோயாளி என்ன சொன்னார், டாக்டர் என்ன பார்த்தார் என்கிற குறிப்புகள் வரும். அவற்றை முதலில் படிக்கிறவள் நான். சரியாக இருந்தால் ஒரு பக்கம் தள்ளுவேன். சந்தேகம் இருந்தால் இன்னொரு பக்கம். முடிவு எடுப்பது எனக்கு மேலே இருக்கிறவர்கள். ஆனால் அவர்களுக்கு அவகாசம் கிடையாது. நான் எந்த வரியின் மேல் மஞ்சள் பூசி அனுப்புகிறேனோ அந்த வரியைத்தான் படிப்பார்கள்.

படித்துப் பட்டம் வாங்கி வந்த வேலை இல்லை. நகரியில் டைப்ரைட்டிங் முடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டு வேலையெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக வந்து கொட்டிய காலத்தில், மெட்ராசில் ஒரு கம்பெனி சேர்த்துக்கொண்டது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு தட்ட வேண்டும். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. நாலாவது மாதம் எலும்புகளின் பெயரெல்லாம் அத்துப்படி. அப்புறம் கல்யாணம், அவருக்கு விசா, குளிர் ஊர், இந்த வேலை.

போன மாதம் இங்கே எனக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. கேக் வெட்டினார்கள். பெயர் பொறித்த கண்ணாடிக் கட்டை ஒன்று கொடுத்தார்கள். அதோடு கம்பெனியின் பங்குகள் கொஞ்சம். "இனிமேல் நீங்களும் ஒரு உரிமையாளர்" என்று மேனேஜர் கைகுலுக்கினார். அன்று சாயங்காலமே மகன் கார்த்திக் போனைத் தட்டிப் பார்த்து, "அம்மா, உன் கம்பெனி இன்னிக்கு மேல போச்சு" என்றான். கல்லூரிக்குப் போகிற பிள்ளை. தமிழைச் சூடான பாத்திரம் தூக்குகிற மாதிரிதான் தூக்குவான். சட்டென்று கீழே வைத்துவிடுவான்.

ஏன் மேலே போனது என்று எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

2

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கம்பெனித் தலைவர் முதலீட்டாளர்களோடு போனில் பேசுவார். ஊழியர்களும் கேட்கலாம். எனக்குப் பேச்சுக் கேட்பது என்றால் சிறு வயதிலிருந்தே ஆசை, விடாமல் கேட்பேன். எல்லாமே மரியாதையான குரல்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. ஒரு குரல் மெதுவாகக் கேட்கும்: "இந்த மூன்று மாதத்தில் முழங்கால் ஆபரேஷன்கள் நீங்கள் சொன்னதைவிடக் கூடிவிட்டனவே, அடுத்த மூன்று மாதமும் இப்படித்தானா?" அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேரை ஆட்டிப்படைக்கிற எங்கள் தலைவர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி தொண்டையைக் கனைப்பார்.

வைத்தியத்துக்குச் செலவான பணத்துக்கு அவர்கள் கணக்கில் நஷ்டம் என்று பெயர். கிழவர்களுக்கு முழங்கால் மாற்றினால் நஷ்டம். அது கூடினால் மறுநாள் காலையில் பங்கு இறங்கும். தலைவருடைய சம்பளத்தில் பெரும்பகுதி பங்குதான். ஆகவே அவருக்கும் இறங்கும்.

யாரும் எங்களிடம் வந்து "மறுத்துவிடு" என்று சொன்னதில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு பட்டியல் வரும். முன்பு அனுமதி தேவைப்படாத சிகிச்சைகளுக்கு இனிமேல் அனுமதி கேட்க வேண்டும் என்று இருக்கும். ஒரு கோப்புக்கு இவ்வளவு நிமிடம் என்று இருந்ததும் குறைந்திருக்கும். என் பக்கத்து மேசை கிளாடிஸ், ஜமைக்காவிலிருந்து வந்தவள், தலைமுடி முழுக்க வெள்ளை. அவள் சொல்வாள்: "நாம் ஒருநாளும் முடியாது என்று சொல்வதில்லை, அமுலு. இன்னும் ஒரே ஒரு காகிதம் கேட்போம். அந்தக் காகிதம் தேடுகிற அலுப்பில் பாதிப் பேர் போய்விடுவார்கள்."

"அந்த மெதுவான குரல்காரர்கள் யார், அவ்வளவு கல்நெஞ்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கல்நெஞ்சு எதற்கு? அவர்களுக்கு மேலே இன்னொரு குரல் இருக்கும். அதற்கு மேலே இன்னொன்று. ஏறிக்கொண்டே போனால் உச்சியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் தெரியுமா? நம் ரெண்டு பேருடைய ஓய்வுக்காலப் பணம்."

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். கால் ஒடிந்து கிடந்தாலும் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்றால் "மோசமில்லை" என்பார்கள். நான் மஞ்சள் பூசுவது அந்த வரியில்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மாவின் கோப்பு சமீபத்தில் வந்தது. படம் பார்த்தால் முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது. ஆனால் டாக்டர் கேட்டதற்கு "சமாளித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பூசினேன். இன்னும் ஒரு காகிதம் கேட்கும் பக்கம் தள்ளினேன். ஆறு நிமிடம்.

3

என் அண்ணன் முனிரத்தினம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா காலத்தில் கூலிதான். அண்ணன் குத்தகைக்குப் பயிர் வைத்து, மாங்காய் சீசனில் சித்தூரில் கூழ் எடுக்கிற ஃபேக்டரிக்குப் போய் மூட்டை தூக்கி, அந்தக் கூலியில் என் டைப்ரைட்டிங் ஃபீஸைக் கட்டினார். நான் இங்கிருந்து அனுப்பியதில் அரை ஏக்கர் வாங்கினார். பழைய கார் ஒன்றும் வாங்கினார். கார் வாங்கியதும் ஏழைகளுக்கு சர்க்கார் கொடுக்கிற வெள்ளை ரேஷன் கார்டு போய்விட்டது. அதோடு இலவச வைத்தியமும் போனது. "போனா போகுதுண்ணா, அதெல்லாம் இல்லாதவங்களுக்கு. நான் உனக்குப் பிரைவேட்லயே போடறேன்" என்று பெருமையடித்தேன். புதிதாகக் கிளம்பிய கம்பெனி ஒன்று, வெளிநாட்டு முதலீட்டோடு வந்தது. கையெழுத்து வாங்க ஏஜெண்டு பைக்கில் வீட்டுக்கே வந்தாராம். அண்ணிக்கு அதில் ஒரே சந்தோஷம். "சீட்டுக்காரன் கூட இம்மா தூரம் வரமாட்டான்" என்றார்.

பாலிசி எடுத்த மூன்றாம் வருஷத்தில் அண்ணனுக்கு மார்வலி வந்தது. திருப்பதியில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, திறந்துதான் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் பேனாவும் கையுமாகத் தெலுங்கில் கேட்டாராம்: "எந்த காலம் நுஞ்சி நொப்பி?" எத்தனை நாளாக வலி என்று அர்த்தம்.

அண்ணன் சொன்னது: "பதேள்ள நுஞ்சி சாரு." பத்து வருஷமாக.

அது சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் வளர்ந்தது புத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில். வெளியே நூறு பேர் நிற்பார்கள். டாக்டருக்கு ஒரு ஆளுக்கு அரை நிமிடம்தான். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னவனுக்கு வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரு மாசமாக என்று சொன்னவனுக்குத்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார். வருஷக்கணக்காக என்றால் கழுத்தில் தொங்குகிற குழாயை எடுத்து வைப்பார். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நேற்றுப் பிடித்த காய்ச்சலுக்கு என் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், "ஒரு மாசமா கண்ணே தொறக்கல சாரு" என்பார். நான் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்: பத்து வருஷமாக மார்வலி.

நாலாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது, நீங்கள் மறைத்துவிட்டீர்கள், ஆகவே அனுமதி இல்லை.

4

அண்ணி கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினார். கூடவே டாக்டர் குறிப்பின் நகலும் இருந்தது. அந்த ஒரு வரியின் மேல் யாரோ கோடு போட்டிருந்தார்கள். ஹைதராபாத்திலோ மெட்ராசிலோ ஒரு பெண் போட்டிருப்பாள். எனக்கு ரொம்ப நேரம் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நேராகப் போட்டிருந்தாள். பழகிய கை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். தெலுங்கில் ஆரம்பித்த பெண், என் தெலுங்கைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"மேடம், உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது."

நானும் அதைத்தான் சொல்வேன். அதே வரிதான், வேறு பாஷை.

"புரியுதுன்னா எழுதுங்கம்மா. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கூட்டிச் சொல்வாங்க."

"எழுதறேன் மேடம். ஆனா நோயாளியே சொன்ன ஹிஸ்டரி இருக்கே? அதை மாத்த இன்னும் டாக்குமெண்ட் வேணும்."

"எந்த டாக்குமெண்ட்?"

"அது மேடம், நீங்க அனுப்புங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்."

கொஞ்சம் குரலை இறக்கிக் கேட்டேன். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதே. நானும் இதே வேலைதான் பண்றேன், அமெரிக்காவுல. உங்க கம்பெனி பங்குச் சந்தைக்கு வரப்போகுதுன்னு பேப்பர்ல பார்த்தேன். இப்போ ரிஜெக்ஷன் ஜாஸ்தியா?"

அவளும் குரலை இறக்கி, "கால் ரெகார்ட் ஆகுது அக்கா" என்றாள். மேடம் அக்காவாகிவிட்டது. அதுவே பதில்.

போனை வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே சமையலறையில் நடந்தேன். கொள்ளைக்காரர்கள், நாசமாய்ப்போக என்று என்னென்னவோ. கார்த்திக் சீரியல் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா," என்றான், "நீ பண்ற வேலையும் இதுதானே?" குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அன்று ஆபீசில் உட்கார்ந்து யோசித்தேன். இங்கே அந்த பஸ் ஓட்டின அம்மா வலியைக் குறைத்துச் சொன்னார். அதனால் அனுமதி இல்லை. அங்கே என் அண்ணன் கூட்டிச் சொன்னார். அதனாலும் இல்லை. எப்படிச் சொன்னாலும் அதில் ஒரு கோடு போட இடம் இருக்கிறது. என்ன சொன்னார்கள் என்பதில் விஷயம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கிற மெதுவான குரலுக்கு இந்தத் தடவை என்ன பதில் வேண்டும் என்பதில் இருக்கிறது. அண்ணனுக்கு மறுத்த அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் என் ஓய்வுக்காலப் பணமும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன். அந்த ஃபண்டின் பட்டியல் பக்கம் பக்கமாகப் போனது. பாதியில் விட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாமல் இருப்பது தெரிவதைவிட மோசமாக இருக்கிறது.

பஸ் ஓட்டின அம்மாவின் கோப்பைத் தேடினேன். மூடிவிட்டார்கள். "கேட்ட காகிதம் வரவில்லை, கெடு முடிந்தது" என்றாள் கிளாடிஸ். "மறுபடி கேட்டு எழுதினால் வேறு மாடிக்குப் போகும். உன் மேசைக்கு வராது. அவருடைய டாக்டருக்குப் போன் போடலாம் என்று நினைக்காதே. நான் ஒருமுறை நினைத்தேன்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நான் போன் போடவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேலையை இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரருக்கும் எட்டு மாதமாக வேலை இல்லை. கைப்பணம் போட்டு ஆபரேஷனை முடித்துவிடு என்று சொல்ல முடியாத நிலைமை. இதை எழுதும்போதும் நிலைகொள்ளவில்லை, இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5

என் தொழில் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தது. காகிதத்தைக் காகிதத்தால்தான் அடிக்க முடியும்.

"அண்ணா, நெசமா எப்போலருந்து வலி?"

"நெசமாவா?" என்றார், அப்படி ஒன்று தனியாக இருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. "போன தீவாளிலருந்து. நெல்லு மூட்டை தூக்கறப்போ சுருக்குன்னு புட்சிக்கினுச்சி."

பாலிசி எடுத்ததற்கு ரொம்பப் பின்னால். "அப்போ டாக்டர்கிட்ட போய், தெரியாம சொல்ட்டேன், தீவாளிலருந்துதான்னு சொல்லு. அவர் திருத்தி எழுதணும்."

"போ அமுலு. தீவாளிலருந்துன்னா இன்னா நெனைப்பாரு? இதுக்குப் போயி நெஞ்ச அறுக்கணுமான்னு தைலம் குட்த்து அனுப்பிட்டா?"

"ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டாருண்ணா. மூணு அடைப்புன்னு அவரே சொல்லிட்டாரு."

"எடுத்தாரு. ஆனா வாயால கேட்டாரே? வாயால கேட்டா பெருசா சொன்னாத்தான் மருவாதி."

அண்ணி போனைப் பிடுங்கினார். "இவர உடு அமுலு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே நாலு ஏக்கரா கீதுன்னு சொன்ன வாயிதான. உனக்கு இன்னா வேணும்னு சொல்லு, நான் கொண்டாறேன்."

அண்ணன் இன்னமும் மூட்டை தூக்கப் போய்வந்த மாங்கூழ் ஃபேக்டரியில் ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் ஆட்களை டாக்டர் வைத்துப் பரிசோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு நெஞ்சும் பார்ப்பார்கள். அந்தத் தாள் பாலிசி எடுத்ததிலிருந்து மூன்று வருஷத்துக்கும் கிடைத்தால் போதும். அண்ணி சித்தூருக்கு பஸ் ஏறினார். சீசன் முடிந்து ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் மட்டும் இருந்தாராம்.

"ஆபீசு தொறக்க ரெண்டு மாசம் ஆகும்மான்னான். நான் கேட்டாண்டையே குந்திக்கினேன். சோறு எட்த்துனு போயிருந்தேன், அங்கயே துன்னேன். சாய்ந்தரம் கணக்கு எய்தற ரைட்டரு வந்தாரு. இன்னாம்மா தர்ணாவான்னாரு. இல்ல சாரு, எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு நல்லா இருந்துச்சின்னு நீங்க எழுதிக்கிறீங்களாமே, அது வோணும்னேன்."

தாள் கிடைத்தது. மூன்று வருஷமும் நெஞ்சு சரியாக இருக்கிறது என்று கையெழுத்து. மேல்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவளின் கண் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கங்கே வரியை நிறுத்தினேன். கோடு போட இடம் வைக்கவில்லை.

அண்ணனைத்தான் தயார் செய்ய வேண்டியிருந்தது. தினமும் என் காலையில், அவருடைய சாயங்காலத்தில், போனில் பாடம். "எத்தனை நாளா?" "தீவாளிலருந்து." "முன்னாடி எப்பவாவது?" "ஒரு ஏப்பம் கூட வந்ததில்ல." "அதெல்லாம் வேணாம்ணா. இல்லன்னு மட்டும் சொல்லு." "இல்ல." "சிகரெட்?" "அதுக்கு இன்னா சொல்லணும்?" கம்பெனி இன்னொரு டாக்டரை அனுப்பி விசாரித்தபோது ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பித்தாராம். டாக்டர் போனதும் அண்ணியிடம், "எட்டாங்கிளாஸ் பரீச்சை கூட இப்டி எய்தல" என்றாராம்.

மேல்முறையீடு அனுப்பிய பதினொன்றாம் நாள் அனுமதி வந்தது. பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன். ஆபீசில் கிளாடிஸ் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

6

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் அண்ணனை வார்டுக்கு மாற்றினார்கள். அண்ணி வீடியோ போட்டு போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். எனக்கு வேலைக்குக் கிளம்புகிற நேரம், ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் முகம் மெலிந்து, தாடி வெளுத்து இருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. அதே இளம் டாக்டர் சுற்று வந்தார்.

"ஏமி முனிரத்தினம், நொப்பி உந்தா?" வலி இருக்கிறதா என்றார்.

அண்ணன் டாக்டர் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"சாரு, காத்தாலருந்து மொனகிகினே கீறாரு," என்றார் அண்ணி. "இந்த எடது பக்கமா..."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன். தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "அமுலு. கீதுன்னு சொல்லட்டா, இல்லன்னு சொல்லட்டா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னண்ணா?"

"வலி. எது சொன்னா அவுங்களுக்கு செரியா வரும்? இத நாம படிக்கலியே."

"இருக்கறத சொல்லுண்ணா! டாக்டர் கேக்கறாரு இல்ல, கம்பெனி இல்லண்ணா, டாக்டர்!"

"அன்னைக்கும் டாக்டருதான் கேட்டாரு," என்றார்.

டாக்டருக்குத் தமிழ் புரியும். ஆனால் நடப்பது என்ன என்று புரியவில்லை. கோப்பைத் திறந்து பேனாவை வைத்தபடி நின்றார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தின் மேல் நின்ற பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடது கண் சுருங்கியதை இத்தனை ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். சொல்லுண்ணா, சொல்லுண்ணா என்று கத்தினேன். கார்த்திக் மாடியிலிருந்து ஓடிவந்து பின்னால் நின்றான்.

கடைசியில் அண்ணன் கையை லேசாகத் தூக்கினார்.

"சாரு, மொதல்ல அந்தப் பேனாவ மூடுங்க. அப்பால சொல்றேன்."

டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகி, கோப்பை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் இடது பக்கத்தில் கை வைத்தார்.

"இக்கடனா? இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீய," என்றார் அண்ணன்.